பட்டாளத்து லாரியும் பிள்ளையின் பவுடரும்

டீசல் ஒழுக்கை அடைப்பதை ஒரு தொழில் என்று யாரும் மதிப்பதில்லை. ஆனால் அது வாய்த்துவிட்டால் வேறு தொழில் பார்க்க நேரம் இருக்காது.

உங்களில் யார் வீட்டு வாசலிலாவது பழைய லாரி ஒன்று நின்றால் நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. குடிக்கிற மோரில் டீசல் மணக்கும். பிள்ளையின் உச்சந்தலையில் மணக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுத்திப் போகிற புடவையிலும் மணந்து, பக்கத்தில் முழங்காலில் நிற்கும் அம்மாள் கண்ணை மூடியபடியே ஒரு முழம் தள்ளிப் போவார்.

எங்கள் வீட்டு லாரி யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்டது. பச்சைச் சாயத்தைச் சுரண்டினால் அடியில் மணல் நிறம் தெரியும். எந்தப் பாலைவனத்தில் ஓடியதோ, கடைசியில் போடிக்கு வந்து சேர்ந்தது. என் மாமனாரின் அரிசிக் கடையிலிருந்து அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போகும். திரும்பும்போது ஏலக்காய் மூட்டை. ஓட்டுவது என் வீட்டுக்காரர். கிளீனர் ஒச்சப்பன், சிலமலைக்காரர். ஏற்றத்தில் இஞ்சின் நின்றுவிட்டால் லாரி பின்னால் உருளும். உருளத் தொடங்குவதற்குள் ஒச்சப்பன் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருக வேண்டும். எங்கள் பக்கத்து லாரிகள் பிரேக்கை நம்பி மலை ஏறியதில்லை, கட்டையை நம்பித்தான் ஏறின. இஞ்சின் எதனால் நிற்கும் என்றால், பத்துக்கு ஒன்பது தடவை டீசல் ஒழுக்கால். எங்கள் வீட்டில் ஒரு நட்டு இளகினால் இரண்டு ஆண்கள் உயிரோடு திரும்புவது சந்தேகமாகிவிடும். எனக்கோ பல்லி விழுந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்படிப்பட்டவள் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பம்புக்குப் பின்னால் ஒரு நட்டு

என் மகள் அப்போது கைக்குழந்தை. இஞ்சினில் டீசலை அனுப்புகிற பம்புக்குப் பின்புறம் ஒரு நட்டு ஒழுகியது. மெக்கானிக் காதர் பாய் கையை விட்டுப் பார்த்தார், மணிக்கட்டோடு நின்றது. என் வீட்டுக்காரர் விட்டார், விரல் முட்டியோடு நின்றது. ஒச்சப்பன் கட்டை தூக்கித் தூக்கி விரலெல்லாம் மரத்துப்போனவர், அவர் முயற்சிகூடச் செய்யவில்லை. நான் காப்பி கொண்டு போய் நின்றேன். மூன்று பேரும் தம்ளரைப் பார்க்காமல் அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்கள்.

கான்வென்ட்டில் இந்த விரல்களைப் புகழ்ந்தவர் பியானோ சொல்லித்தந்த சிஸ்டர் ஒருவர்தான். அவருக்குப் பிறகு காதர் பாய். உள்ளே கண்ணுக்கு எதுவும் தெரியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். சூடாக இருந்தது. நட்டு அகப்பட்டது, சின்ன ஸ்பேனரைக் கொடுத்துக் கால் திருகு திருகினேன், சொட்டுவது நின்றது. கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரை கறுப்பு. உள்ளே பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் வாசம் போகாமல், அன்று முழுவதும் அது என் மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காதர் பாய்க்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

“சூசை மாப்ளே, இனிமே ஸ்பேனர் வாங்க மதுரைக்கெல்லாம் அலையாத. நல்ல ஸ்பேனரா ஒண்ணு வீட்டுக்குள்ளயே வச்சிருக்க!”

அடுப்பில் வெந்த செம்பு

லாரியோடு தடியான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் வந்திருந்தது. அதை வாசித்துச் சொல்வதும் என் பொறுப்பாயிற்று. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் முடிவில் ஒரே வாக்கியம்: புதிய வாஷர் போடவும். கிடைக்காவிட்டால் அருகிலுள்ள படைமுகாமில் கேட்கவும். நான் தமிழில் சொன்னதும் என் வீட்டுக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் படைமுகாம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

டீசல் குழாய்களின் மூட்டுகளில் போடுவது செம்பு வாஷர். ஒரு தடவை இறுக்கினால் நசுங்கிக் கெட்டியாகிவிடும், மறுபடி போட்டால் ஒழுகும். அதைச் செக்கச் செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போட்டால் திரும்பவும் இளகிவிடும் என்று காதர் பாய் சொன்னார். அன்றிலிருந்து சோறு வடித்த கையோடு வாஷர்களை இடுக்கியில் பிடித்துக் கங்கில் வைப்பேன். சுர்ரென்று சத்தம் வந்தால் பிள்ளை சிரிக்கும். ஒரு நாள் சாம்பலில் தவறிப்போன வாஷர் ஒன்றை என் மாமியார், யுத்த காலத்து ஓட்டைக் காலணா என்று எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். சங்கதி தெரிந்ததும் அவிழ்த்து என் முன்னால் போட்டார்.

“கான்வென்ட்டுல படிச்ச மருமக வந்தா கேக்கு சுடுவான்னு பாத்தேன். செம்பு சுடுறா.”

நனைந்த இடம் தெரியும்

ஒழுகுகிற இஞ்சினில் பெரிய கஷ்டம், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. மேலே ஒரு மூட்டில் கசிவது பக்கவாட்டில் ஓடி, அடியில் வேறெங்கோ சொட்டும். இஞ்சின் முழுவதும் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல மினுங்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவை அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் இருந்த பிள்ளைக்குப் போட்ட பவுடர் உதிர்ந்து ஒரு குழாயின் மேல் விழுந்தது. இஞ்சினை ஓட்டினார்கள். வெள்ளையாக இருந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. ஒழுக்கு அங்கேதான்.

அதற்குப் பிறகு எங்கள் லாரி பவுடர் போடாமல் மலை ஏறியதில்லை. துடைப்பேன், பவுடரைத் தூவுவேன், கொஞ்ச நேரம் இஞ்சின் ஓடும், குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்பேன். “நனையலைங்க” என்று நான் சொன்ன பிறகுதான் அவர் கியர் போடுவார். சமயத்தில் நனைந்திருந்தால் நல்லது என்று தோன்றும். நனைந்தால் அன்று பயணம் இல்லை, அவர் வீட்டில் இருப்பார். ஒழுக்கை நன்றாக அடைக்க அடைக்க அவரை வெரசாக மலைக்கு அனுப்புகிறேன் என்பது அப்போதே புரிந்துவிட்டது. ஒச்சப்பனுக்கு அப்படியெல்லாம் கவலை கிடையாது.

“மத்த லாரியெல்லாம் நாத்தம் புடிச்சுப் போகுது மதினி. நம்ம வண்டி மட்டும் பொண்ணழைப்புக்குப் போற மாதிரி மணத்துக்கிட்டுப் போகுது.”

இரண்டு தண்ணி கழுவிய அரிசி

மலையில் கல் அடித்து டேங்க்கின் ஓரம் பிளந்துவிட்டது. துணி துவைக்கிற சோப்பைப் பிசைந்து அப்பினால் டீசல் ஒழுக்கு நிற்கும், அதை வைத்து இறங்கி வந்தார்கள். டேங்க்கைப் பற்றவைக்கக் கொடுத்திருந்தபோது, தோட்டத்தில் அரிசி இல்லை என்று ஆள் மேல் ஆள் வந்தது. வேறு வழியில்லாமல் ஒரு டின்னில் டீசலை ஊற்றி, லாரியின் மேல் தட்டில் கட்டி, அதிலிருந்து குழாய் விட்டு ஓட்டிப் போனார்கள். வழியெல்லாம் டின் அசைந்து அசைந்து பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையை நனைத்துவிட்டது.

அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் அடுத்த பயணத்தில் நானும் போனேன். அந்த மலைப்பாதையை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடிவாரத்து முந்தல் தாண்டியதிலிருந்து ஜெபமாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஆனாலும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒச்சப்பன் கட்டையோடு பின்பலகையில் ஒரு கால் வைத்துத் தொங்கினார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மலையாளத்துக்காரர். “சாரமில்ல, சாரமில்ல” என்று, பரவாயில்லை என்கிற மாதிரி கையை ஆட்டிவிட்டார். அவர் வீட்டுக்குப் போனது வேறு மூட்டை. நனைந்த அரிசியைக் கூலி ஆட்களுக்கு அளந்திருந்தார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு பெண்ணிடம் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் எங்கள் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ரெண்டு தண்ணி கழுவி வடிச்சோம் ஆத்தா. பெரியாளுக தின்னுட்டோம். பிள்ளைகதான் வாயில வச்சதும் துப்புதுக.”

இரண்டு சாமிகள்

மழைக்காலம் நெருங்கும்போது லாரிக்குப் புதிய வியாதி வந்தது. ஏற்றத்தில், அதுவும் செங்குத்தான திருப்பத்தில், இஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடும். குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும். பம்பின் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கையால் பம்பை அமுக்கி அமுக்கி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு ஏர் எடுப்பது என்று பெயர். பயணத்துக்கு நாலைந்து தடவை ஏர் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒச்சப்பன் குதித்தார். கீழே போடியில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றுமில்லை. துடைத்துத் துடைத்துப் பவுடர் போட்டேன், மாவு போலக் காய்ந்து கிடந்தது. காதர் பாய் மூட்டு மூட்டாகக் கழற்றி, வாஷர் எல்லாம் மாற்றி, மறுபடி பூட்டினார். பவுடர் நனையவேயில்லை.

பட்டாளத்தில் செத்த எவனோ வண்டியில் உட்கார்ந்திருக்கிறான் என்று கடைத்தெருவில் பேச ஆரம்பித்தார்கள். என் மாமியார் மாதா கோயில் சாமியாரை அழைத்து வந்து தீர்த்தம் தெளிக்கச் செய்து, கண்ணாடிக்கு மேலே சிலுவை மாட்டினார். ஒச்சப்பனின் மனைவி பேச்சி, அவர்கள் குலசாமி கோயிலிலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கொண்டுவந்து முன்னால் கட்டினாள். பேச்சிக்கும் என் மகள் வயதில் ஒரு பையன், எப்போதும் இடுப்பில் இருப்பான். கட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று வண்டியைப் பார்த்தாள்.

“உங்க சாமியும் எங்க சாமியும் சொகமா முன்னாடி உக்காந்துக்கிட்டாங்க அக்கா. கட்டை போட எங்க வீட்டு ஆளுதான எறங்கணும்.”

நுரை நிற்கும்வரை

இதை என் வீட்டுக்காரர் எனக்கு ஒரே மூச்சில் சொன்னதில்லை. சோற்றில் கை வைத்தபடி ஒரு துண்டு, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது ஒரு துண்டு என்று சொன்னதை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். அன்று மலையில் மழை. புறப்படும்போது நான் குனிந்து பார்த்து, நனையவில்லை என்று சொல்லியிருந்தேன். முந்தலுக்கு மேலே ஒரு திருப்பத்தில் இஞ்சின் நின்றது. ஒச்சப்பன் குதித்துக் கட்டையை வைத்தார். அடியில் சேறு. கட்டை வழுக்கிக்கொண்டு போக, அதை விடாமல் மறுபடி தள்ளினார். சக்கரம் தொடையின் மேல் ஏறியது. லாரி மலைச்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது.

பாதை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து அவரைத் தூக்கி மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்தார்கள். அவரைக் கீழே கொண்டுவர அந்த மலையில் அப்போது வேறு வண்டி இல்லை. இந்த லாரிதான் கிளம்ப வேண்டும், இது கிளம்ப ஏர் எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தடவித் தடவிப் பார்த்தும் திருகு அகப்படவில்லை. அகப்பட்டதும், நுரையோடு நுரையாக அதை மூடப் போனார். மேலே கிடந்த ஒச்சப்பன் குரல் கொடுத்தார். அவர் சொன்னபடி பொறுத்து மூடினார், இஞ்சின் எடுத்தது, எல்லோரும் தள்ளி வண்டியைத் திருப்பினார்கள். இறக்கத்தில் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் போடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது ஒச்சப்பன் இல்லை. இஞ்சின் எடுத்த பிறகு அவர் ஒன்றும் பேசவில்லையாம். ஆகவே கடைசிப் பேச்சு அந்தக் குரல்தான்.

“நுரை நிக்கட்டும்ணே. அவசரப்பட்டு மூடுனா மேல போயி மறுபடியும் நின்னுக்கிரும்.”

கீழேதான் போகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

துணி ஊறிய தொட்டி

காரியம் எல்லாம் முடிந்த பிறகு காதர் பாய் கூப்பிடாமலே வந்தார். லாரிக்கு அடியில் படுத்து, டேங்க்கிலிருந்து பம்புக்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றி எடுத்தார். வெளியே பார்க்க அதில் ஒரு குறையும் இல்லை. நான் பிள்ளைத் துணி ஊறவைத்திருந்த தொட்டிக்கு அதைக் கொண்டுவந்தார். ஒரு முனையைப் பெருவிரலால் அடைத்து, தண்ணீருக்குள் வளைத்து அமுக்கி, மறுமுனையில் வாயை வைத்து ஊதினார். வளைவில் கடுகு கடுகாகக் குமிழி வந்தது.

பம்பு டீசலைத் தள்ளுகிற பக்கத்தில் விரிசல் இருந்தால் வெளியே ஒழுகும், பவுடர் நனையும். பம்பு உறிஞ்சுகிற பக்கத்தில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சமதரையில் அதுவும் போகாது. வண்டி மூக்கைத் தூக்கி, டேங்க் பின்னால் தாழ்ந்து, பம்பு மூச்சுப் பிடித்து இழுக்கும்போதுதான் விரிசல் வாயைத் திறக்கும். இறக்கத்தில் நிற்காமல் வந்ததற்கும் இதுதான் காரணம். நாங்கள் மூன்று பேரும் மாதக்கணக்கில் ஈரத்தையே தேடியிருக்கிறோம். காய்ந்த இடத்தைப் பார்த்து நிம்மதியாக வழியனுப்பியிருக்கிறோம். காதர் பாய் குழாயைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்தார். கையைத் துடைக்கக்கூட இல்லை.

“சைக்கிள் கடைக்காரன்கிட்டக் காட்டியிருந்தாக்கூட மொத நாளே சொல்லியிருப்பான், தங்கச்சி.”

போறது யார்

புதுக் குழாய் வந்து, மாட்டியும் ஆயிற்று. ஆனால் கிளீனர் வேலைக்கு யாரும் வரவில்லை. லாரி நின்றது. அவர் வீட்டில் இருந்தார். எல்லோரும் துக்கமாக இருந்த அந்த நாட்களில் நான் வயிறாரச் சாப்பிட்டேன், இடியிடித்தாலும் தூங்கினேன். உங்களிடம் மறைத்து என்ன? லாரி அப்படியே துருப்பிடித்துப் போகட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

நேற்று மத்தியானம் பேச்சி வந்தாள். பையன் இடுப்பில். கூடவே அவள் தம்பி கருப்பையா, நல்ல உயரமான ஆள், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். தம்பி வண்டிக்கு வருவான் என்றாள்.

“வேண்டாம் பேச்சி” என்றேன். “அரிசிக் கடையிலயே ஏதாவது சோலி பாக்கட்டும். நான் மாமாகிட்டச் சொல்றேன்.”

“கடையில ஏற்கெனவே ரெண்டு பேரு சும்மா உக்காந்திருக்காங்க, எனக்குத் தெரியாதாக்கா? மலையில எத்தன வீட்டுல ஒல கொதிக்குதுன்னு நெனைக்கிறீங்க? அரிசி போகணுமில்ல.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“பயந்தா?” என்றாள். அதற்கு நான் பதில் சொல்வேன் என்று உண்மையாகவே எதிர்பார்த்தவள் போல என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியிடம் போய், “அந்தக் கொழா எது?” என்று கேட்டாள். காட்டினேன். குனிந்து, மாட்டுக் கன்றைத் தொடுவது போல அதைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு தடிமனா என்றாள்.

இன்று காலையில் லோடு ஏற்றியாயிற்று. கருப்பையா புதுக் கட்டையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பேச்சியிடம் கொடுத்தேன். ஒரு இடுப்பில் அவள் மகன், மறு இடுப்பில் என் மகள். கையை உள்ளே விட்டுக் குழாயின் கவ்வியைத் தேடிப் பிடித்துத் திருகினேன். கால் திருகு, இன்னொரு கால் திருகு. போதும் என்று கையை எடுக்கப் போனபோது, முதுகுக்குப் பின்னால் பேச்சி பேசினாள். குரலில் கோபமில்லை, அழுகையும் இல்லை. கடையில் அரிசி அளக்கும்போது சொல்வது போலச் சொன்னாள்.

“இன்னுங் கொஞ்சம் இறுக்குங்கக்கா. போறது எந்தம்பி.”

பிள்ளை தூங்கிவிட்டாள், மலைப்பக்கம் மின்னுகிறது, அவர்கள் இன்னும் வரவில்லை. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்வதானால், ஒழுக்கை அடைக்க ஒரு வருஷத்தில் பழகிவிடலாம், அடைத்த வண்டி கிளம்பிப் போன பிறகு வீட்டில் இருப்பதற்குத்தான் எந்தப் புத்தகத்திலும் வழி போடவில்லை.